நேரலையில் தீர்ப்பவருக்கு உங்கள் சுடோகுவை அனுப்பும் முன்

ஜெர்மன் விஸ்பர் கோடுகளும் (பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே இடைவெளி கேட்கும் கோடு) கில்லர் கூண்டுகளும் (உள்ளே வரும் எண்களின் கூட்டுத்தொகை சொல்லப்பட்ட கட்டத் தொகுப்பு) சேர்த்துச் சொந்தமாக ஒரு சுடோகு அமைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விடைதான் என்று மென்பொருளும் சொல்லிவிட்டது. பார்வையாளர்கள் அனுப்பும் புதிர்களை ட்விட்ச் என்ற தளத்தில் நேரலையாகத் தீர்க்கும் ஒருவருக்கு இதை அனுப்ப ஆசை. எப்படி அனுப்புவது, எவ்வளவு கடினமாக இருக்கலாம், அவர் தீர்க்கும்போது சாட்டில் (பார்வையாளர்கள் எழுதிப் பேசும் அரட்டையில்) உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புவது ஐந்து நிமிட வேலை. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. நேரலைக்கு வருகிறவர்கள் ஒருவர் வாய்விட்டு யோசிப்பதைப் பார்க்க வருகிறார்கள். "இந்தக் கட்டத்தில் 4 வராது, ஏனென்றால்..." என்று அவர் ஆரம்பித்தால், அந்த "ஏனென்றால்" ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் வைத்த காரணம் இருக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாத ஒரு இடம் நடுவில் வந்துவிட்டால் அவர் மௌனமாகிவிடுவார். பத்து நிமிடம் திரை அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். அதனால் உங்கள் புதிரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதன் வழி முழுவதையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வாய்ப்பேச்சாக விளக்க முடியுமா?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நேரலை அல்ல, பதிவு செய்த வீடியோ. 2020 மே மாதம் கிராக்கிங் த கிரிப்டிக் என்ற யூடியூப் சேனலில் வந்தது. சைமன் ஆன்டனி, மார்க் குட்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நடத்தும் சேனல் அது. பார்வையாளர்கள் அனுப்பும் புதிர்களை அவர்கள் தினமும் தீர்த்துக் காட்டுவார்கள். அன்று சைமன் எடுத்தது மிட்செல் லீ அமைத்த மிராக்கிள் சுடோகு. 81 கட்டங்களில் இரண்டே இரண்டு எண்கள்தான் கொடுக்கப்பட்டிருந்தன, ஒரு 1, ஒரு 2. சாதாரண சுடோகு விதிகளோடு மூன்று விதிகள் கூடுதல்: சதுரங்கக் குதிரை தாண்டும் தூரத்தில் அதே எண் வரக் கூடாது, ராஜா நகரும் தூரத்தில் அதே எண் வரக் கூடாது, பக்கத்துக் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக் கூடாது. இது தீரும் என்று சைமன் முதலில் நம்பவே இல்லை. அந்த அவநம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஆச்சரியமாக மாறுவதை முகத்திலேயே பார்க்கலாம். சுடோகு பக்கமே போகாதவர்கள்கூட அதை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். காரணம், அதில் எந்த அடியிலும் "இந்த 1 இங்கே வரக் கூடாது, குதிரை இங்கே தாண்டும்" என்பதற்கு மேல் கடினமான வாக்கியம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு அடியும் எளிது, ஆனால் எல்லாம் சேர்ந்து நம்ப முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது உங்கள் புதிர். "ஒரே விடை" என்று மென்பொருள் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃப்-பஸில்ஸ், சுடோகுமேக்கர் போன்ற புதிர் அமைக்கும் தளங்களில் இருக்கும் சால்வர், அதாவது விடை தேடும் நிரல், கணினி வேகத்தில் எல்லா வாய்ப்புகளையும் போட்டுப் பார்த்துச் சொல்கிறது. மனிதன் எப்படிப் போவான் என்பது அதன் கவலையே இல்லை. ஒரு கட்டத்தில் 3 என்று வைத்து, இருபது அடி தள்ளி முட்டிக்கொண்டு, திரும்பி வந்து 7 வைத்தால்தான் தீரும் என்ற புதிரும் ஒரே விடை உள்ள புதிர்தான். ஆனால் நேரலையில் அது செத்த புதிர். ஊகித்துப் பார்ப்பதை இந்த வட்டாரத்தில் பைஃபர்கேஷன் என்பார்கள். நல்ல ஸ்ட்ரீமர்கள் (நேரலையில் தீர்ப்பவர்கள்) அதைத் தொட மாட்டார்கள், தொட வைத்த செட்டரை (புதிர் அமைத்தவரை) மறக்கவும் மாட்டார்கள்.

ஆகவே சால்வரை மூடிவிட்டு நீங்களே உட்கார்ந்து தீர்த்துப் பாருங்கள். செய்து முடித்த அன்றே தீர்த்தால் பயனில்லை, விடை விரல் நுனியில் இருக்கும். ஒரு வாரம் கழித்து, வெறும் கட்டத்திலிருந்து, ஒவ்வொரு அடிக்கும் காரணத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். எங்கே வாய் தடுமாறுகிறதோ, எங்கே "இது எனக்குத் தெரியும்" என்று தாண்டிப் போகத் தோன்றுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

நீங்கள் ஜெர்மன் விஸ்பர் வைத்திருப்பதால் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இந்த வகைக் கோட்டின் நல்லதும் கெட்டதும் அதன் கணக்கிலேயே இருக்கிறது. விதி உங்களுக்குத் தெரியும்: பச்சைக் கோட்டில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே குறைந்தது 5 வித்தியாசம் வேண்டும். 5-க்கு அப்படி ஒரு துணையே கிடையாது, ஆகவே கோட்டில் 5 வராது. மற்ற எண்கள் சிறியது, பெரியது, சிறியது, பெரியது என்று மாறி மாறி வரும். 4-க்குப் பக்கத்தில் 9 மட்டும்தான் வர முடியும், 6-க்குப் பக்கத்தில் 1 மட்டும்தான். அப்படியானால் கோட்டின் நடுவில் ஒரு 4 இருந்தால் அதன் இரண்டு பக்கமும் 9 வேண்டும். அந்த இரண்டு பக்கத்துக் கட்டங்களும் ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ பெட்டியிலோ இருந்தால் இது நடக்காது.

இதை ஒரு முழு வரிசையில் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையின் முதல் கட்டத்தை விட்டுவிட்டு மீதி எட்டுக் கட்டங்களிலும் ஒரே நேர்கோடாக விஸ்பர் ஓடுகிறது என்று வையுங்கள். 5 கோட்டில் வராது, ஆகவே விடுபட்ட முதல் கட்டம் 5. 4 நடுவில் வர முடியாது, அது ஏதாவது ஒரு முனையில் இருக்க வேண்டும், பக்கத்தில் 9. 6-உம் அதே காரணத்தால் இன்னொரு முனையில், பக்கத்தில் 1. மிச்சம் நாலு கட்டம், நாலு எண்: 2, 3, 7, 8. 3-க்குப் பக்கத்தில் 7 வர முடியாது, வித்தியாசம் 4தான். அதனால் 3 ஒரு பக்கம் 9-ஐயும் மறுபக்கம் 8-ஐயும் ஒட்டித்தான் உட்கார வேண்டும். எல்லாம் சேர்ந்து 4, 9, 3, 8, 2, 7, 1, 6 என்று விழுகிறது, அல்லது அதையே திருப்பிப் போட்டது. இந்த இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாது. ஒரு எண்கூடக் கொடுக்காமல், ஒரு கோட்டை மட்டும் வைத்து, எட்டுக் கட்டங்களை இரண்டே வாய்ப்புகளுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முதல் தடவை இதைப் பார்க்கிறவருக்கு உடம்பு சிலிர்க்கும். இது தனியாக யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை, விஸ்பர் விதிக்குள்ளேயே இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் விஸ்பர் புதிர்களை நூற்றுக்கணக்கில் தீர்த்த ஸ்ட்ரீமருக்கு இது மனப்பாடம். உங்கள் புதிரின் முழு அழகும் இந்த ஒரு வரிசையில் அடங்கிவிட்டால் அவருக்கு முதல் நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். எட்டுக் கட்டம் நேராக ஓடுவதற்குப் பதில் ஒரு பெட்டியின் மூலையில் கோட்டைத் திருப்பிவிட்டுப் பாருங்கள். உதாரணமாக 3-ஆம் வரிசை 3-ஆம் நெடுவரிசைக் கட்டத்தில் திருப்பம் வந்து, ஒரு பக்கத்து எண் வலப்புறமும் இன்னொன்று கீழேயும் இருந்தால், அவை இரண்டும் வெவ்வேறு பெட்டி, வெவ்வேறு வரிசை, வெவ்வேறு நெடுவரிசை. அங்கே இரண்டு 9 வரலாம், ஆகவே திருப்பத்தில் 4 வரலாம். 4 எங்கே வர முடியும் என்ற கேள்வி அப்போது உண்மையான கேள்வியாகிறது. ஸ்ட்ரீமர் அதைத் தேடுவார், சாட்டும் சேர்ந்து தேடும்.

விஸ்பரில் இன்னொரு விஷயம் உண்டு. புதிதாக அமைக்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு சரியான விடையை எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் 10-லிருந்து கழித்து எழுதுங்கள். 1 இருந்த இடத்தில் 9, 2 இருந்த இடத்தில் 8, இப்படி. சுடோகு விதி அப்படியே நிற்கும், விஸ்பர் விதியும் அப்படியே நிற்கும், ஏனென்றால் வித்தியாசங்கள் மாறவில்லை. ஆகவே வெறும் விஸ்பர் கோடுகளை மட்டும் வைத்து, எந்த எண்ணும் கொடுக்காமல், ஒரே விடை உள்ள புதிரை யாராலும் அமைக்க முடியாது. விடைகள் எப்போதும் ஜோடியாகவே வரும். அந்த ஜோடியை உடைக்க வேறொரு துப்பு வேண்டும். எல்லாத் துப்பும் உடைக்காது. இடைவெளி விடாத அடுத்தடுத்த எண்கள் எந்த வரிசையிலும் வரும் ரென்பன் கோடு உடைக்காது. அடுத்தடுத்த எண்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளியும் உடைக்காது. 5 என்று ஒரு எண்ணைக் கொடுத்தாலும் பயனில்லை, 10-லிருந்து கழித்தால் அதே 5தான். கில்லர் கூண்டு உடைக்கும், ஆனால் இரண்டு கட்டக் கூண்டில் 10 என்றோ மூன்று கட்டக் கூண்டில் 15 என்றோ போட்டிருந்தால் அதுவும் உடைக்காது. குமிழிலிருந்து எண்கள் ஏறிக்கொண்டே போகும் தெர்மாமீட்டர் உடைக்கும், தன்மேல் உள்ள எண்களின் கூட்டுத்தொகையை வட்டத்தில் காட்டும் அம்பு உடைக்கும், இரு மடங்கைக் காட்டும் கருப்புப் புள்ளி உடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் புதிரில் கூண்டுகளின் வேலையே பெரும்பாலும் இதுதான். நேரலையைப் பொறுத்தவரை அந்த உடைப்பு எந்த நிமிடத்தில் நடக்கிறது என்பது புதிரின் உயிர். அது நடக்கும் வரை ஸ்ட்ரீமர் கட்டங்களுக்கு இரண்டு நிறம் பூசிக்கொண்டே போவார், ஆரஞ்சு எல்லாம் ஒரு பக்கம், நீலம் எல்லாம் இன்னொரு பக்கம், எது பெரியது எது சிறியது என்று தெரியாது. இதைப் பார்ப்பது அலாதியான சுகம். ஒரு எண்கூட விழாமல் பாதி கிரிட் நிறமாகி நிற்கும். பிறகு ஒரு சின்னக் கூண்டு "ஆரஞ்சுதான் சிறியது" என்று சொல்லும், எண்கள் மளமளவென்று கொட்டும். அந்த எட்டுக் கட்ட வரிசையிலேயே, கோட்டின் முதல் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 13 என்று ஒரு கூண்டு போட்டால் போதும், 4-உம் 9-உம்தான், எட்டும் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கணக்கு சரி, ஆனால் நிறம் பூசும் சுகம் போய்விட்டது. அதே கூண்டை கிரிட்டின் இன்னொரு மூலையில் வையுங்கள். வரிசைக்கும் அதற்கும் நடுவே ஸ்ட்ரீமர் நிறங்களை ஒவ்வொரு பெட்டியாகக் கடத்திக்கொண்டு போய் அங்கே சேரட்டும். அதற்காக எண்பதாவது கட்டம் வரை தள்ளவும் கூடாது. கடைசி வரை எண்ணே விழாவிட்டால் சாட்டில் புதிதாக வருகிறவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. என் ருசிக்கு, கிரிட்டில் கிட்டத்தட்ட பாதி நிறமான பிறகு உடைவதுதான் சரியான இடம்.

கூண்டுகளைப் பற்றி ஒன்று மட்டும். கூண்டு எண் ஒவ்வொன்றையும் ஒரு தடவை அழித்துவிட்டு சால்வரை ஓட்டிப் பாருங்கள். எண் இல்லாமலே ஒரே விடை வந்தால், அந்த எண் ஸ்ட்ரீமருக்கு வழி காட்டுகிறதா, இல்லை வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா என்று யோசியுங்கள். சில எண்கள் தர்க்கத்துக்குத் தேவையில்லை, ஆனால் கண்ணுக்குத் தேவை. அவற்றை விட்டுவையுங்கள். குறைந்த துப்பு என்ற பெருமைக்காகப் புதிரைப் பட்டினி போட வேண்டாம். நேரலையில் யாரும் துப்புகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய நோய் வால் நீளுவது. தொடக்கம் பிரமாதம், நடுவில் ஒரு அருமையான திருப்பம், அதன் பிறகு உங்கள் கோடும் கூண்டும் எல்லாம் தீர்ந்துபோய், மிச்சம் முப்பது கட்டங்கள் சாதாரண சுடோகுவாக, அதுவும் கடினமான சாதாரண சுடோகுவாக நிற்கும். எக்ஸ்-விங் தேடு, ஸ்வார்டுஃபிஷ் தேடு என்று சாதாரண சுடோகுவின் கடின உத்திகளோடு ஸ்ட்ரீமர் அலைவார். நீங்கள் விஸ்பரைக் காட்டி அழைத்துப்போய் வேறெங்கோ விட்டுவிட்டதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். பெரிய திருப்பம் முடிந்த பிறகு புதிர் சரசரவென்று தீர்ந்துவிட வேண்டும். அதற்காகக் கடைசியில் ஒரு எண்ணையோ ஒரு சின்னக் கூண்டையோ சேர்ப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அனுபவப்பட்ட செட்டர்கள் எல்லாரும் செய்வதுதான்.

கடினம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு விடை அந்த ஸ்ட்ரீமரிடமே இருக்கிறது. அவருடைய பழைய நேரலைகள் சிலவற்றை முழுவதுமாக உட்கார்ந்து பாருங்கள், ஓட்டி ஓட்டிப் பார்க்காமல். ஒரு புதிருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார், எந்த வகைக் கோடு வந்தால் முகம் மலர்கிறது, எது வந்தால் பெருமூச்சு விடுகிறார், ஒரே உட்காரலில் ஒன்றா நாலைந்தா என்பதெல்லாம் தெரிந்துவிடும். மூன்று மணி நேரம் ஒரே புதிரோடு மல்லுக்கட்டும் ஸ்ட்ரீமர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பெருமை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும் புதிர்தான் வசதி. வாய்விட்டுப் பேசிக்கொண்டு, சாட்டையும் படித்துக்கொண்டு தீர்ப்பவர், தனியாக அமைதியாகத் தீர்க்கும் நேரத்தைவிட அதிகம் எடுப்பார் என்பதையும் கணக்கில் சேருங்கள். உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது என்றால் அதை அப்படியே நம்பாதீர்கள், நீங்கள் அமைத்தவர், வழி உங்களுக்குத் தெரியும்.

முதல் புதிர் எளிதாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. எளிது என்றால் சப்பை என்று அர்த்தமில்லை. ஜெனுவின்லி அப்ரோச்சபிள் சுடோகு என்று ஒரு தினசரித் தொடர் இருக்கிறது, சுருக்கமாக காஸ் என்பார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி, வேரியன்ட் (கூடுதல் விதிகள் சேர்ந்த சுடோகு) பக்கம் புதிதாக வருகிறவரும் தீர்க்கக்கூடிய புதிர்கள்தான் அதில் வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் ரசிக்க ஒரு யோசனை இருக்கும். வரிசையாக ஒரு மாதம் அவற்றைத் தீர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு யோசனையை வைத்து ஒரு முழுப் புதிரை எப்படிக் கட்டுவது என்று அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. நம் ஊரிலிருந்தே பழக வேண்டுமென்றால் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா நடத்தும் போட்டிகள் இருக்கின்றன, வேரியன்ட்கள் ஏராளமாக வரும்.

நீங்கள் தீர்த்த பிறகு வேறு இருவராவது தீர்க்க வேண்டும். கிராக்கிங் த கிரிப்டிக்கின் ரசிகர்கள் கூடும் டிஸ்கார்ட் (குழு அரட்டைச் செயலி) சர்வரில் புதிரைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே இடம் உண்டு. பல ஸ்ட்ரீமர்களுடைய சொந்த டிஸ்கார்டிலும் உண்டு. அங்கே உங்கள் புதிரைப் போடுவதற்கு முன்னால் மற்றவர்கள் போட்டதில் நாலைந்தைத் தீர்த்து, உருப்படியாகக் கருத்து எழுதுங்கள். அதன் பிறகு நீங்கள் கேட்டால் ஆட்கள் வருவார்கள். சோதிப்பவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எங்கே முதல் எண் விழுந்தது, எங்கே அதிக நேரம் நின்றீர்கள், எந்த இடத்தில் ஊகிக்கத் தோன்றியது, எந்தத் துப்பைக் கடைசி வரை தொடவே இல்லை என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த வழியை இரண்டு பேரும் தாண்டி வேறு வழியில் போயிருந்தால், ஸ்ட்ரீமரும் அப்படித்தான் போவார். உங்கள் அழகான திருப்பம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அந்தக் குறுக்கு வழியை அடைக்க வேண்டும், அல்லது குறுக்கு வழியே நன்றாக இருந்தால் அதையே புதிராக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லாஜிக் மாஸ்டர்ஸ் ஜெர்மனி தளத்தில் முதலிலேயே வெளியிடலாமா என்ற சந்தேகம் வரும். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் புதிர் போடலாம், எத்தனை பேர் தீர்த்தார்கள், எவ்வளவு கடினம் என்று மதிப்பிட்டார்கள் என்பதெல்லாம் தெரியும், அது நல்ல அத்தாட்சி. ஆனால் அங்கே பிரபலமாகிவிட்டால் சாட்டில் பாதிப் பேர் ஏற்கனவே தீர்த்திருப்பார்கள். சில ஸ்ட்ரீமர்கள் வெளிவராத புதிரைத்தான் கேட்பார்கள், சிலர் அங்கே மதிப்பெண் பெற்றதைத்தான் எடுப்பார்கள். அவருடைய விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விதிகளை ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். ஸ்ட்ரீமர் நேரலையில் முதலில் செய்வது விதிகளைச் சத்தமாகப் படிப்பது. அங்கே ஒரு குழப்பம் இருந்தால் சாட்டில் உடனே வாக்குவாதம் தொடங்கும், புதிர் ஆரம்பிக்கும் முன்னாலேயே உற்சாகம் வடிந்துவிடும். சாதாரண சுடோகு விதி உண்டு என்பதைச் சொல்லுங்கள். கூண்டுக்குள் எண் திரும்ப வரலாமா கூடாதா என்று சொல்லுங்கள். கோட்டில் திரும்ப வரலாமா என்று சொல்லுங்கள். வித்தியாசம் "5" என்று எழுதாமல் "குறைந்தது 5" என்று எழுதுங்கள். புள்ளிகள் வைத்திருந்தால், வர வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துவிட்டீர்களா, இல்லை சில இடங்களில் மட்டுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் "புள்ளி இல்லாத இடத்தில் அந்த உறவும் இல்லை" என்று எடுத்துக்கொண்டால் அது வேறு புதிர். விஸ்பர் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். சாட்டில் அன்றுதான் முதல் தடவையாக வருகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். நிறங்களிலும் வழக்கம் ஒன்று இருக்கிறது, விஸ்பருக்குப் பச்சை, ரென்பனுக்கு ஊதா. காரணமில்லாமல் மாற்றினால் பழகிய கண் ஏமாறும். பச்சையையும் சிவப்பையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் உண்டு, இரண்டும் ஒரே புதிரில் வெவ்வேறு விதிக்கு வருவதைத் தவிருங்கள். எழுதி முடித்ததும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, ஆனால் புதிரைப் பார்க்காத ஒருவரிடம் விதிகளை மட்டும் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அனுப்புவது. பெரும்பாலான ஸ்ட்ரீமர்கள் ஸ்வென் நாய்மன் உருவாக்கிய சுடோகுபேட் என்ற தளத்தில்தான் தீர்க்கிறார்கள். எஃப்-பஸில்ஸிலோ சுடோகுமேக்கரிலோ அமைத்ததை அதற்குரிய இணைப்பாக மாற்றிக்கொள்ளலாம். விடையையும் அதில் சேர்த்து வையுங்கள். கடைசி எண்ணைப் போட்டதும் சரி என்று திரை சொல்லும் அந்தக் கணம் நேரலையில் மிக முக்கியம், அது இல்லாவிட்டால் சரியா தவறா என்று தெரியாமல் எல்லோரும் விழிப்பார்கள். தலைப்பு, உங்கள் பெயர் அல்லது புனைபெயர், விதிகள் மூன்றும் இணைப்பைத் திறந்ததும் தெரிய வேண்டும். உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள், போனிலும் ஒரு தடவை. பிறகு எதையாவது திருத்தினால் பழைய இணைப்பு பழைய புதிரையே காட்டக்கூடும், அனுப்பியது எது என்று கவனமாக இருங்கள்.

எங்கே அனுப்புவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் ஒரு படிவம் வைத்திருப்பார்கள், சிலர் டிஸ்கார்டில் அதற்கென ஒரு சேனல், சிலர் மின்னஞ்சல். அவர்கள் சொன்ன இடத்தில் மட்டும் அனுப்புங்கள். நேரலை நடுவே சாட்டில் இணைப்பை ஒட்டுவதும், தனிச்செய்தியில் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம். செய்தியில் நாலு வரி போதும்: புதிரின் பெயர், என்ன வகை, சோதித்தவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது, முன்பு எங்காவது வெளிவந்ததா. உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நம் பெயர்களுக்கு இது மிகவும் உதவும், அவர்களும் நன்றி சொல்வார்கள். வேறொருவருடைய யோசனையிலிருந்து பிறந்த புதிர் என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள். கணினி பெரும்பகுதியை உருவாக்கியது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வழியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், "7-ஆம் வரிசையைக் கவனியுங்கள்" என்பது உங்களுக்குச் சின்னக் குறிப்பு, அவருக்கு அது மொத்தப் புதிரும் கெட்ட மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு புதிர்தான் அனுப்புங்கள், இருப்பதில் சிறந்தது.

அதன் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். வரிசையில் நூறு புதிர்கள் இருக்கலாம். பதில் வராததற்கும் புதிரின் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இதற்கிடையே ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் தயங்காமல் உடனே எழுதுங்கள்.

எடுத்துவிட்டார் என்றால் கட்டாயம் சாட்டில் இருங்கள், அமெரிக்க நேரத்துக்கு நம் ஊரில் விடியற்காலை எழ வேண்டியிருந்தாலும் சரி. வந்திருக்கிறேன் என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அமைதியாகப் பாருங்கள். அவர் நேராகக் கேட்டால் ஒழிய குறிப்பு கொடுக்காதீர்கள், கேட்டாலும் கேட்ட அளவு மட்டும். விதியில் சந்தேகம் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், உடனே தெளிவாகச் சொல்லுங்கள். அவர் தவறான எண் ஒன்றைப் போட்டுவிட்டால் நெஞ்சு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தவறைத் தானே கண்டுபிடித்துத் திரும்புவதும் பார்க்கிறவர்களுக்கு அந்த நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான். அப்போது குறிப்பு வேண்டுமா என்று முடிவெடுப்பது அவர். புதிரிலேயே கோளாறு, இரண்டு விடை வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள், அவருடைய நேரம் அது.

முடிந்த பிறகு பதிவை ஒரு தடவை தனியாகப் பாருங்கள். ட்விட்சில் பழைய பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும், யூடியூபிலும் ஏற்றுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நிமிடத்தில் அவர் பேச்சு நின்றது, எங்கே சாட் திடீரென்று வேகமெடுத்தது, நீங்கள் வைத்த திருப்பத்துக்கு அவர் எந்தப் பக்கமாக வந்து சேர்ந்தார் என்று குறித்துவையுங்கள். லாஜிக் மாஸ்டர்ஸ் ஜெர்மனியில் இன்னும் போடவில்லை என்றால் அன்றைக்கே போடுங்கள், பார்த்தவர்களில் பலர் தாங்களும் தீர்க்கத் தேடுவார்கள்.